விட்ட மீன் மீளாது

நீர்த்தேக்கத்தில் மீன்குஞ்சு விடும் வைபவம் கண்ணுக்கு இனிய காட்சியாகும். பிரமுகர் ஒருவர் கரையில் நிற்கிறார், வாளி சரிகிறது, குஞ்சுகள் வெள்ளிப் பொட்டுகளாக மின்னி நீரில் மறைகின்றன, கைதட்டல் எழுகிறது, படம் எடுக்கப்படுகிறது, கூட்டம் கலைகிறது. எத்தனை குஞ்சுகள் விடப்பட்டன என்ற கணக்கு மறுநாட் பத்திரிகையில் வந்துவிடுகிறது. அந்த மீன் பின்னர் எங்கே சென்றது, எதைத் தின்றது, எவருடைய குளத்தில் போய்க் குடியேறியது என்ற கணக்கு மட்டும் வருவதில்லை. வராத அந்தக் கணக்கைப் பற்றியே இவ்வாரம் பேச முற்படுகிறோம்.

ஊவா மாகாணத்து மக்கள் இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2024 ஏப்ரில் 24ஆம் நாள் உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. வெலிமடைப் பகுதியில் புகுல்பொலவிலும், பண்டாரவளைக்கு அண்மையில் டயரபாவிலும் புதிய நீர்த்தேக்கங்கள் இரண்டு தோன்றியுள்ளன. அவற்றுக்கு அப்பால் எல்ல என்னும் சிற்றூர் உல்லாசப் பயணிகளால் நிரம்பி வழிகிறது. புதிய நீரும் பணமுள்ள பயணியும் அருகருகே இருக்குமிடத்தில், தூண்டிற்காரருக்கு உகந்த பெருமீனை இந்நீரில் விட்டால் என்ன என்ற யோசனை எழுவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. அத்தகைய திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது என்று நாம் கூறவில்லை. அறிவிக்கப்பட்ட பின் பேசுவது, வாளி சரிந்த பின் பேசுவதற்கு ஒப்பாகும் என்றே கூறுகிறோம். வெள்ளம் வருமுன் அணை கோலுவதன்றோ அறிவுடைமை?

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். நாம் மீன் வளர்ப்புக்குப் பகைவரல்லர். 1950களின் தொடக்கத்தில் இத்தீவுக்கு வந்த திலாப்பியா, வறண்ட வலயத்துக் குளங்களில் பெருகி, கடல் மீனை எட்டிப் பார்க்கவியலாத ஏழையின் கறிச்சட்டியை நிரப்பியது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பெற்ற தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உணவு மீன்குஞ்சுகளை நீர்த்தேக்கங்களில் விட்டு வருகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருந்தனர். நாடு முழுவதற்குமான சராசரி 17. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, தோட்டத்துக் குழந்தையின் தட்டில் மீன் விழுவதை எவனும் எதிர்க்கமாட்டான்.

ஆனால் உணவுக்காக விடும் மீன் வேறு; விளையாட்டுக்காக விடும் மீன் வேறு. உணவு மீன் பெரும்பாலும் பாசியையும் புல்லையும் தின்று விரைவில் பெருகுவது. தூண்டிற்காரன் விரும்பும் மீனோ, வலிமையோடு இழுத்துப் போராடுவது; அவ்வலிமை பெரும்பாலும் பிற மீன்களை வேட்டையாடி உண்பதால் வருவது. விளையாட்டுக்கு உகந்தது என்று எந்தக் குணத்துக்காக ஒரு மீனைத் தெரிந்தெடுக்கிறோமோ, அந்தக் குணமே ஆற்றுக்குத் தீங்காகவும் முடியலாம். இரண்டுக்கும் ஒரே அனுமதி, ஒரே படிவம், ஒரே கைதட்டல் என்பது பொருந்தாது.

எமது மலைநாட்டுக்கு இது புதிய அனுபவமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் துரைமார் தம் தாய்நாட்டு ஓடைகளின் நினைவால் டிரவுட் மீனை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தனர். 1896இல் இலங்கைத் தூண்டில் கழகமும் அமைந்தது. முதலில் வந்த பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை. பின் வந்த வானவில் டிரவுட் ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கத் தொடங்கிற்று. அது துரைமாரின் பொழுதுபோக்குக்காக வந்த மீன். கொழுந்து பறித்தவர்களின் கலத்துக்காக வந்ததன்று. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் அவ்விடத்துக்கே உரிய சிற்றிறால் ஒன்று வாழ்கிறது. அது எந்த மீனின் இரையாகவும் வளர்ந்த உயிரன்று. வந்த மீனுக்கோ அது எளிய உணவு. 1988இல் அச்சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும், பூங்காவுக்குச் சட்டம் போட்டவர்களால் ஓடையிலிருந்து டிரவுட்டைத் திருப்பி அழைக்க முடியவில்லை.

டிரவுட் கீழ்நோக்கி இறங்கித் தாழ்நிலத்து ஆறுகளைப் பிடிக்கவில்லையே என்பர் சிலர். உண்மை. ஏன் பிடிக்கவில்லை என்பதே கேள்வி. அது குளிர்நீர் மீன். மலை இறங்க இறங்க நீர் வெம்மையுறுகிறது. அவ்வெம்மை அதற்கு மதிலாக நின்றது. துரைமாரின் முன்யோசனை அதைத் தடுக்கவில்லை. இயற்கையின் தற்செயல் தடுத்தது. வெந்நீரையும் தண்ணீரையும் ஒருங்கே தாங்கும் வேறொரு மீனை நாளை விட்டால், அந்த மதில் இராது. ஒருமுறை தப்பியதை ஆதாரமாகக் காட்டி மறுமுறையும் தப்புவோம் என்று வாதிப்பது, நீதிமன்றத்தில் மட்டுமன்று, நெல்வயலிலும் செல்லாத வாதம்.

அயலில் உள்ள காவேரியைப் பாருங்கள். திமில் போன்ற முதுகுடைய மகசீர் மீன் அவ்வாற்றுக்கே உரியது. 50 கிலோவுக்கு மேல் வளர்வது. உலகத் தூண்டிற்காரரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கருநாடகத்துக் கரைகளுக்கு அழைத்துவந்தது. மகசீர் குறைந்துவருகிறது என்ற நல்லெண்ணத்தால், மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் காவேரியிலும் விடப்பட்டன. அதுவும் மகசீர், இதுவும் மகசீர் என்று எண்ணினர். ஆண்டுகள் சென்றன. தூண்டில் முகாம்களின் பதிவேடுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, விடப்பட்ட மீன் பெருகியதையும் பழைய மீன் அருகியதையும் கண்டனர். 2018இல் அந்தத் திமில் மகசீர் மிகக் கடுமையாக அழியும் நிலையிலுள்ள இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. மணல் அள்ளலும் அணைகளும் வெடிவைத்து மீன் பிடித்தலும் அதன் அழிவுக்குக் காரணங்களே. ஆனால் பாதுகாப்பு என்ற பெயராலேயே ஒரு காரணம் சேர்க்கப்பட்டது என்பதுதான் துயரம். தீயவர் செய்த தீங்குக்கு வழக்கு உண்டு. நல்லவர் செய்த தீங்குக்கு எவர் மீது வழக்குத் தொடுப்பது?

இச்செய்தி எமக்கு நேராகவே பொருந்துவது. இத்தீவுக்கே உரிய மகசீர் ஒன்று எம் மலையாறுகளில் உண்டு; சிங்கள மக்கள் அதை லெஹெல்லா என்பர். விளையாட்டுக்கு உகந்த மீன் எம்மிடம் இல்லை என்று எவரும் சொல்வதற்கில்லை. அயல்நாட்டு மகசீர்க் குஞ்சை இந்நீரில் கலந்தால், காவேரியின் கதை மகாவலியில் மறுபடியும் எழுதப்படும்.

தப்பிய மீனைப் பிடித்து அழிப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சாட்சி. அங்குள்ள டேவிஸ் ஏரியில், எவரோ ஒருவர் திருட்டுத்தனமாக விட்ட வடபுலப் பைக் மீன் 1994இல் காணப்பட்டது. அது ஒரு நீர்த்தேக்கம். கீழே உள்ள சிற்றூருக்குக் குடிநீர் தருவது. அதன் நீரோ சால்மன் மீன் வாழும் பேராறுகளுக்குச் செல்வது. அணையைக் கடந்து பைக் கீழே இறங்கிவிடும் என்று அஞ்சிய அரசு, ஊர்மக்கள் எதிர்த்து நிற்க, 1997இல் ஏரி முழுவதிலும் நஞ்சு கலந்தது. 1999இல் பைக் மீண்டும் தோன்றிற்று. 2007இல் இரண்டாம் முறையும் நஞ்சிட்ட பின்னரே அது ஒழிந்தது. வளமும் அறிவும் படைத்த அரசுக்கு, ஓர் ஏரியில் ஒரு மீனை ஒழிக்க 13 ஆண்டுகள் சென்றன. எமது மாகாணத்துக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

அமெரிக்கா தொலைவில் உள்ளது என்போர் குருநாகல் மாவட்டத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தைப் பார்க்கட்டும். தென்கிழக்காசியாவின் பெருவிரால் அங்கே குடிபுகுந்து, மீனவரின் வலையில் விழவேண்டிய மீனைத் தான் விழுங்கத் தொடங்கிற்று. அழகுக்காக வளர்க்கக் கொண்டுவரப்படும் அம்மீன் அங்கே ஆற்றை ஆளவந்துவிட்டது. 2025இல் அதைப் பிடிக்கத் தூண்டிற்காரருக்குப் போட்டி வைத்தும் பார்த்தனர். அவ்வாண்டிலேயே பிரான்ஹா, கத்திமீன் போன்ற சில அயல்நாட்டு மீன்களைக் கொண்டுவரவும் வைத்திருக்கவும் வர்த்தமானி மூலம் தடை விதிக்கப்பட்டது. தடையை வரவேற்கிறோம். ஆனால் ஆற்றில் நீந்துகின்ற மீன் வர்த்தமானியை வாசிப்பதில்லை.

இனி உமா ஓயாவின் அமைப்பைக் கவனிப்போம். உமா ஓயா இயற்கையில் மகாவலியின் கிளை. ரன்தெம்பையில் அதனோடு சேர்வது. புதிய திட்டமோ அந்நீரின் ஒரு பகுதியை, டயரபாவிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே, 120 மெகாவாற்று மின்நிலையத்துக்கு இட்டுச் சென்று, கிரிந்தி ஓயாவின் வடிநிலத்தில் விடுகிறது. ஆகவே டயரபா நீர்த்தேக்கத்துக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, பெருமழையில் அணைக்கு மேலால் வழிந்து ரன்தெம்பைக்கும், மினிப்பே கால்வாய்களுக்கும், மகாவலிச் சமவெளிக்கும் செல்லும் வாயில். மற்றொன்று, சுரங்கத்தினூடே வெல்லவாய, லுணுகம்வெஹெர, திஸ்ஸமகாராமை வயல்களை நோக்கிச் செல்லும் வாயில். இயற்கை மலைத்தொடரால் பிரித்துவைத்த இரு வடிநிலங்களை மனிதன் ஒரு குழாயால் இணைத்துவிட்டான். இந்நீரில் விடப்படும் மீன் ஒரு நீர்த்தேக்கத்தில் விடப்படுவதன்று. இரண்டு ஆறுகளின் தலைவாசலில் விடப்படுவது.

பொறியியலாளர் ஒரு மறுப்புக் கூறக்கூடும். அறுநூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழுந்து, மின்நிலையத்தின் சக்கரத்தில் மோதும் நீரில் எந்த மீன் உயிர் பிழைக்கும் என்பார். வளர்ந்த மீன் பிழைப்பது அரிது என்பதை ஏற்றுக்கொள்கிறோம். ஆயினும் முதல் வாயில் திறந்தே உள்ளது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மலைகள் சரிந்து ஆறுகள் கரைகடந்த பதுளை மாவட்டத்தில், எந்தக் கம்பிவலை எந்த மீனைத் தடுத்திருக்கும்? மேலும் மூன்றாவது வாயில் ஒன்றுண்டு. அது மனிதன் கையிலுள்ள வாளி. டேவிஸ் ஏரிக்கு வந்த பைக் எந்தச் சுரங்கத்தினூடும் வரவில்லை. மனிதனே கொண்டுவந்து விட்டான். தூண்டிற்காரர் புகழும் மீன் ஓரிடத்தில் இருக்குமாயின், அதைத் தம் ஊர்க் குளத்திலும் காண விரும்புவோர் எங்கும் இருப்பர்.

மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் இப்பிரதேசத்து மக்கள் கசப்புடன் சிரிப்பதையும் நாம் அறிவோம். அதற்கும் காரணம் உண்டு. இதே சுரங்கத்தைத் தோண்டியபோது நிலத்தடி நீர் அதனுள் பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகள் வற்றின; வீடுகள் வெடித்தன; 2017இல் மக்கள் தெருவுக்கு வந்தனர். மதிப்பீடு காகிதத்தில் இருந்தது. நீரோ மண்ணுக்குள் இருந்தது. முன்னரே கேட்கப்படாத குடிமகன் பின்னர் நட்ட ஈட்டுக்காக வரிசையில் நிற்கவேண்டி வந்தது. மீன் விடயத்தில் அந்த வரிசைகூட இராது. வெடித்த சுவரைக் காட்டலாம். ஆற்றில் இல்லாமற்போன மீனை எந்த உத்தியோகத்தரிடம் காட்டுவது?

சட்டம் இதைப் பற்றி என்ன கூறுகிறது? 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. ஆலை முதலாளி ஒருவர் தம் நிலத்தில் நீர்த்தேக்கம் அமைத்தார். நீர் தப்பி அயலவரின் சுரங்கத்தை மூழ்கடித்தது. தப்பினால் தீங்கு விளைக்கும் பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவன், கவனக்குறைவு இல்லாதபோதும் பொறுப்பாளியாவான் என்பதே ரைலண்ட்ஸ் எதிர் பிளெச்சர் என்ற அவ்வழக்கின் நியாயம். எம் நாட்டின் பொதுச் சட்டம் உரோம-டச்சு மரபில் வந்ததாயினும், அந்நியாயம் எந்த மரபினருக்கும் விளங்கக்கூடியது. தப்பும் நீருக்கே பொறுப்பு உண்டு என்றால், தப்பியபின் பெருகவும் வல்ல மீனுக்குப் பொறுப்பு இல்லையா? நீர் வடிந்துவிடும், மீன் முட்டையிடும்.

இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்ட உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை, வாழிடங்களையும் உள்ளூர் இனங்களையும் அச்சுறுத்தும் அந்நிய இனங்களின் வருகையைத் தடுக்குமாறு எட்டாம் உறுப்புரையில் கூறுகிறது. எப்பாவலை பொஸ்பேற்று வழக்கில், குடியானவர்கள் சிலர் கொணர்ந்த மனுவின் மேல், 2000ஆம் ஆண்டில் எமது உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அரசு இயற்கை வளங்களின் உரிமையாளனாக மட்டுமன்றி மக்களுக்காக அவற்றைக் காக்கும் பொறுப்பாளனாகவும் இருக்கவேண்டும் என்பதை நிலைநாட்டிற்று. ஆற்று மீனும் அந்தப் பொறுப்பினுள் அடங்கியதே. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கும் முறையும் எம் சட்டத்தில் உண்டு. கருவி இருக்கிறது, எடுத்து உபயோகிப்பாரையே தேடுகிறோம்.

ஆகவே எமது கோரிக்கைகளைத் திட்டமாகக் கூறுகிறோம்.

ஒன்று: ஊவாவின் எந்த நீர்த்தேக்கத்திலும், அந்நிய இனமாயினும் வேறு ஆற்றிலிருந்து பெயர்க்கப்பட்ட உள்ளூர் இனமாயினும், விளையாட்டு மீன் எதுவும் எழுத்து மூலமான மதிப்பீடு இன்றி விடப்படலாகாது. தீங்கு வரும் என்று மெய்ப்பிக்கும் சுமை குடியானவன் மேலன்று. தீங்கு வராது என்று மெய்ப்பிக்கும் சுமை விடுபவர் மேலேயே இருக்கவேண்டும்.

இரண்டு: அம்மதிப்பீடு அணைக்கட்டோடு நின்றுவிடலாகாது. விடுவதற்கு முன் ஆற்றில் இன்று எவ்வெவ்வினங்கள் உள்ளன என்ற கணக்கெடுப்பும், வடகீழ்ப் பருவமழையில் நீர் வழியும் காலத்தின் ஆய்வும், இரு வடிநிலங்களின் கடைமடை வரையிலான விளைவும் அதில் அடங்கவேண்டும். இனம் பெருக்கவியலாத மலட்டுக் குஞ்சுகளை விடும் முறை பிற நாடுகளில் உண்டு, அதுவும் ஆராயப்படவேண்டும். தப்பினால் அகற்றும் செலவுக்கு, திட்டத்தால் இலாபம் பெறுவோரிடம் முன்னரே பிணைப்பணம் வாங்கப்படவேண்டும்.

மூன்று: அறிக்கை சிங்களத்தில் போலத் தமிழிலும் வெளிவரவேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. ஓடைக்கு மிக அண்மையில் லயன்களில் வாழ்பவன் வாசிக்க இயலாத அறிக்கை, வெளியிடப்பட்ட அறிக்கையாகாது. விசாரணைக் கூட்டமும் கொழுந்து நிறுக்கும் வேளையில் கச்சேரியில் அன்றி, வேலை முடிந்த பின் தோட்டத்துக்கு அருகிலேயே நடைபெறவேண்டும்.

நான்கு: உணவு மீன் விடப்படும் நீர்த்தேக்கங்களில் மீனவர் சங்கங்கள் அமையும்போது, தோட்டத்துத் தொழிலாளருக்கும் அங்கத்துவ உரிமை வேண்டும். நீருக்கு அயலில் வாழ்ந்தும் மீனுக்கு அந்நியராக இருப்பது இனியும் தகாது.

விளையாட்டு மீனால் அந்நியச் செலாவணி வரும், வேலை வரும் என்ற வாதத்தை நாம் இகழவில்லை. ஊவாவுக்கு வேலை வேண்டும். ஆனால் வருமானம் எவருக்கு, நட்டம் எவருக்கு என்று கேட்டே ஆகவேண்டும். விடுதிக்காரர் பெறுவது பருவத்தின் இலாபம். கடைமடையில் உள்ள குளத்து மீனவன் இழப்பது தலைமுறையின் சோறு. இருவரையும் ஒரே தராசில் நிறுத்தும் கையே நீதியான கை. தூண்டிற் பயணிகள் வரத்தான் வேண்டுமென்றால், எம் ஆற்றுக்கே உரிய மகசீரை, அதே ஆற்றின் தாய்மீனிலிருந்து பெருக்கி, பிடித்து மீள விடும் ஒழுங்குடன், கரையோர இளைஞரை வழிகாட்டிகளாக அமர்த்தி நடத்துங்கள். அதற்கும் ஆய்வு வேண்டும். ஆயினும் அது இருப்பதைப் பேணும் வழி, இல்லாததை அழைத்து அல்லற்படும் வழியன்று.

எம் வாசகருள் சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள் உள்ளனர். வெலிமடையின் காய்கறித் தோட்டக்காரரும், மகாவலியிலும் கிரிந்தி ஓயாவிலும் நீரை நம்பி வாழும் வயற்காரரும் உள்ளனர். முன்னவருக்கு எழுதத் தெரியும். பின்னவருக்கு ஆறு தெரியும். இருவரும் ஒரு மேசையில் அமரவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தத்தம் அயலிலுள்ள நீர்த்தேக்கத்தில் இதுவரை என்னென்ன மீன்கள், எந்த ஆண்டுகளில், எவருடைய அனுமதியுடன் விடப்பட்டன என்று கேட்டு இன்றே விண்ணப்பியுங்கள். வரும் விடையைக் கரையோரத்து முதியவரிடம் காட்டி, அவர் சிறுவயதில் பிடித்த மீன்களுள் எவை இன்றும் உள்ளன என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரு தாள்களும் சேர்ந்தால், எந்த விசாரணைக் கூட்டத்திலும் தள்ளிவைக்கவியலாத சாட்சியமாகும்.

தவறான சட்டத்தை அடுத்த பாராளுமன்றம் நீக்கலாம். தவறான தீர்ப்பை மேல் நீதிமன்றம் மாற்றலாம். தவறாக விட்ட மீனை மீட்க மன்றம் எதுவும் இல்லை. மேன்முறையீடு அற்ற தீர்ப்பை எழுதுவதற்கு முன், பாதிக்கப்படுவோரை அழைத்துக் கேட்பதே நீதியின் முதற் பாடம். அதையே ஊவாவின் ஆறுகளுக்காக, வாளி சரியுமுன் கேட்கிறோம்.